நெடி வராத மிளகாய்

அரும்பாவூர் அரங்கநாதனின் கொட்டகையில், வளர்த்துத் தரச் சொல்லிக் கோழிக் கம்பெனி இறக்கிய கறிக்கோழிக் குஞ்சுகள் மூவாயிரம் இருந்தன. மூன்றாவது வாரத்தில் தினமும் பத்து, பன்னிரண்டு என்று சாக ஆரம்பித்தன. போன தடவையும் இப்படித்தான். இந்தத் தடவையும் சாவு கூடினால் இனிக் குஞ்சே கிடையாது என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

"எல்லாம் ஆண்டாயி கண்ணுதாங்க" என்றாள் அவன் மனைவி அம்சவள்ளி. ஆண்டாயி பக்கத்துக் காட்டுக்காரி. "வரப்புல போறப்பல்லாம் நின்னு, 'யாத்தே, எம்மாங் குஞ்சு'ங்குறா."

ஐப்பசி மழை வேறு. தீவனச் சாக்குகளைப் படுதாவாகத் தைத்து, கம்பிவலை தெரியாதபடி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். குளிருக்கும் ஆயிற்று, ஆண்டாயிக்கும் ஆயிற்று.

மறுநாள் இருபது செத்தன. மற்றவை கண்ணைத் திறக்க மாட்டாமல் ஒடுங்கிக் கிடந்தன.

அம்சவள்ளி மிளகாய் சுற்றினாள். நெருப்பில் போட்டதும் நெடி வந்தால் கண் படவில்லை, வராவிட்டால் பட்டிருக்கிறது. கொட்டகைக்குள்ளேயே சட்டியில் கங்கு வைத்து ஏழு மிளகாயைப் போட்டாள்.

"நெடி வருதாங்க?"

"ஒண்ணும் வரலையேடி." அரங்கநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

"நான் எங்க அழுவுறேன்? பத்து நாளா இப்படித்தான் ஊத்துது. உனக்கு?"

"எனக்கும் ஊத்துது. ஏழு மொளவாயில ஒண்ணுகூட கமறலன்னா, எம்மாம் பெரிய கண்ணா இருக்கணும்!"

படுதாவுக்கு மேல் இன்னொரு படுதா ஏறியது. கண் வைத்தவளின் காலடி மண்ணைச் சுற்றிப் போட்டால்தான் தீரும் என்று, விடிந்ததும் அம்சவள்ளி வரப்பில் ஒரு பிடி அள்ளினாள். ஆண்டாயி பார்த்துவிட்டாள்.

"எங் காலடி மண்ணயாடி அள்ளுற? நான் என்ன சூனியக்காரியா?"

"மண்ணுல உன் பேரா எழுதியிருக்கு?"

அம்சவள்ளி ஓடிக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டாள்.

"வெளிய வாடி! உள்ள போய் ஒளிஞ்சா வுட்ருவனா?"

புல்லறுக்கும் அரிவாளால் ஆண்டாயி படுதாக் கயிற்றை அறுத்தாள். சாக்குகள் சரிந்தன. உள்ளிருந்த காற்று முகத்தில் அடிக்க, இரண்டடி பின்வாங்கி இருமினாள்.

"அடி பாவி, என்னடி இந்த நெடி! நாலு நாள் கூட்டாத மாட்டுக்கொட்டா கூட இப்படி நாறாதே. இதுங்களுக்கு நான் வேற கண்ணு வைக்கணுமாக்கும்!"

ஆத்திரம் தீராமல் மறுபக்கக் கயிற்றையும் அறுத்துவிட்டுப் போனாள். அம்சவள்ளி கையில் இறுக்கிப் பிடித்திருந்த மண்ணைச் சுற்றி அடுப்பில் போட்டாள்.

பூலாம்பாடிக்குப் போய்க் கயிறு வாங்கிவர மழை விடவில்லை. மூன்று நாள் காற்று கொட்டகையின் குறுக்கே அடித்தது. முதல் நாள் எட்டு, இரண்டாம் நாள் மூன்று. மூன்றாம் நாள் ஒன்றுகூடச் சாகவில்லை.

கம்பெனி டாக்டர் சத்யா வந்து, தரையில் பரப்பிய உமியைக் கிளறிப் பார்த்தாள்.

"இப்பதான் சரியா வச்சிருக்கீங்க. எச்சம் ஈரத்துல ஊறுனா அமோனியா வாயு கிளம்பும். அடைச்சு வச்சா குஞ்சுக்குக் கண்ணும் நெஞ்சும் போயிடும். உள்ளேயே கிடக்குற நமக்கு மூக்கு மரத்துடும், தெரியாது. படுதாவை இறக்குனது யாரு யோசனை?"

"நாங்கதாங்க" என்றான் அரங்கநாதன், கொஞ்சம் கூச்சத்தோடு.

"அடுத்த பேட்ச் தரலாம்னு எழுதிடுறேன்."

வண்டி கிளம்பியதும் அம்சவள்ளி சிரித்தாள். "பாத்தீங்களா, காலடி மண்ணு! மூணே நாள்ல கேட்ருச்சு."

"டாக்டரம்மா என்னமோ வாயுன்னுச்சேடி?"

"அது படிச்ச புள்ள, அதுக்கு என்ன தெரியும்? நீங்க மொதல்ல கயிறு வாங்கியாங்க. புதுக் குஞ்சு எறங்குறதுக்குள்ள ரெட்டைப் படுதா கட்டிடணும். இப்ப அவ கோவத்துல வேற இருக்கா."