அனைவரும் வருகை

1

ஐந்து மணி நாற்பது நிமிடம். கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து பிற்பகல் இரண்டு ஐம்பது வரை, எட்டாம் வகுப்பு ஆ பிரிவு சுபலட்சுமி எங்கே இருக்கிறாள் என்று ஸ்ரீரங்கத்தில் உள்ள எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளியின் வருகைப்பதிவுச் செயலிக்கு மட்டும் தெரியும். அவள் வகுப்பில் இருக்கிறாள் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர் உமாமகேஸ்வரி மேடம் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: "வகுப்பறை நிர்வாகமும் தொழில்நுட்பமும்: ஓர் இளம் ஆசிரியரின் பத்துக் குறிப்புகள்." எங்கள் நிர்வாகத்தின் நான்கு பள்ளி ஆசிரியர்களுக்கும் போகும் மலரில் வரும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வேண்டும்.

இன்று சனிக்கிழமை. மணி பத்து. அறிவியல் ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் இயற்பியல் படித்தவள், இந்த வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று குறிப்புகள் முடிந்துவிட்டன. நான்காவதில் நிற்கிறேன்.

2

இதுவரை எழுதியதை இங்கே தருகிறேன்.

குறிப்பு 1. வகுப்பு சத்தமாக இருந்தால் குரலை உயர்த்தாதீர்கள், தாழ்த்துங்கள். முன்வரிசை கேட்பதற்காக அமைதியாகும். அந்த அமைதி மெல்லப் பின்னால் பரவும்.

(இதை உத்தி என்று நினைக்கிறார்கள். எனக்குக் குரலே அவ்வளவுதான்.)

குறிப்பு 2. திரையில் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள். வகுப்பின் பின்னால் போய் நில்லுங்கள். யார் பார்க்கிறார்கள், யார் பெஞ்சுக்கு அடியில் வேறு வேலை செய்கிறார்கள் என்பதை முதுகுகளே சொல்லிவிடும்.

குறிப்பு 3. கரண்ட் போனால் எடுப்பதற்குச் சாக்பீஸில் ஒரு பாடம் எப்போதும் தயாராக இருக்கட்டும். நீங்கள் கேபிளைத் தேடும் இரண்டு நிமிடத்தில் வகுப்பு கையைவிட்டுப் போய்விடும்.

குறிப்பு 4. வருகைப்பதிவை நாற்பது வினாடியில் முடிக்கலாம். நாற்பத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகத் தொட வேண்டாம். மேலே "அனைவரும் வருகை" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. முதலில் அதை அழுத்துங்கள். பிறகு நிமிர்ந்து பார்த்து, வராதவர்களை மட்டும்

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது.

இது நானே கண்டுபிடித்த வழி. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும் வேலை. கம்ப்யூட்டர் ஆசிரியர் நவ்ஷாத் சார், "மிஸ், உங்க கைக்கு தட்கல் டிக்கெட் போடக் குடுத்திருந்தா எங்க வீட்டுல பாதிப் பேரு ஊருக்குப் போயிருப்பாங்க" என்பார். ஒன்பதரைக்குச் செயலி பூட்டிக்கொள்ளும். வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும். அதற்குப் பிறகு மாற்ற வேண்டுமென்றால் திருத்தக் கோரிக்கை அனுப்ப வேண்டும். அது நேராகத் தலைமையாசிரியரின் போனுக்குப் போகும்.

செவ்வாய்க்கிழமை என் வகுப்பான எட்டாம் வகுப்பு ஆ பிரிவில் நான் பொத்தானை அழுத்தினேன். புரொஜக்டர் கேபிள் சரியாக உட்காரவில்லை. அதைச் செருகிக்கொண்டே பதிவையும் அனுப்பிவிட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று வராதவள் ஒருத்திதான், சுபலட்சுமி. அவள் வீட்டுக்குச் செய்தி போகவில்லை.

இது தவறு. இதை ஒப்புக்கொண்டு எழுத எனக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு எளிதாக எழுத முடிந்ததே என்று எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது.

3

கட்டுரையை விட்டுவிட்டுக் கதையாக எழுதலாம் என்று தோன்றியது. கதையென்றால் பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஒளிந்துகொள்ளலாம். மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

அ. "லால்குடியிலிருந்து வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுபலட்சுமி, ஸ்ரீரங்கத்தில் இறங்கவில்லை."

இது உண்மைதான். ஜங்ஷன் வரை போய், பஸ் பிடித்து மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு வந்து, வளையல் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறாள். ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் அவளுக்குத் தேர்வு பயம் வைத்தேன். பிறகு வீட்டில் ஒரு சண்டை வைத்தேன். இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை. அவள் நன்றாகப் படிப்பவள், வீட்டில் ஒரே பிள்ளை. நான் கேட்டபோது அவள் சொன்னது, "சும்மா மிஸ்." கதையில் இதை யாரும் நம்பமாட்டார்கள். நான் நம்புகிறேன்.

ஆ. "வாட்ச்மேன் அமிர்தசாமிக்குக் காலையிலேயே கண் சிவந்திருந்தது."

இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடிப்பதில்லை. பாக்குகூடப் போடுவதில்லை. அரியமங்கலத்தில் வேலை பார்த்த லேத் பட்டறை மூடிய பிறகு எங்கள் பள்ளிக்கு வந்தவர். ஆறு வருடமாகக் கேட்டில் நிற்கிறார். அவர் கண்ணை நான் ஏன் சிவக்க வைத்தேன் என்று எனக்குத் தெரியும். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்தால் எனக்கு வசதி.

இ. "மூன்றாவது பீரியடில் திரையில் தாவரச் செல்லின் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வகுப்பின் பின்னால் நின்று"

இந்தத் தொடக்கம் வேண்டாம்.

4

சரி, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றரைக்கு சுபலட்சுமியின் அப்பா ஆண்டி வந்தார். லால்குடிப் பக்கம் நெல் விவசாயம். கால் விரலிடுக்கில் சேறு காய்ந்திருந்தது.

"பாப்பாவுக்குக் கரும்பலகை சரியா தெரியலைங்கிறா. கண்ணு டாக்டரு மூணு மணிக்கு வரச் சொன்னாரு. கூட்டிட்டுப் போலாம்னு வந்தேங்க."

வகுப்பில் அவள் இல்லை. பையும் இல்லை. பக்கத்து இடத்துக்காரி சௌமியா, "அவ இன்னைக்கு வரவே இல்லையே அங்கிள்" என்றாள்.

மேடம் செயலியைத் திறந்து பார்த்தார். சுபலட்சுமி, வருகை.

"நீ சும்மா இரு சௌமியா. காலையில வந்துட்டு எங்கயோ போயிருக்கா."

மற்ற பீரியட் ஆசிரியர்கள் காலியிடத்தைப் பார்த்து லீவு என்று நினைத்திருந்தார்கள்.* யார்மேலும் குற்றமில்லை. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் தேடப் போனோம். நான் கழிப்பறைகளைப் பார்த்தேன், மொட்டைமாடியைப் பார்த்தேன். கிணற்றடிக்கும் போனேன். கிணற்றை மூடியிருந்த இரும்புக் கம்பிவலைமேல் குனிந்து உள்ளே பார்த்தேன். தண்ணீரில் என் தலை தெரிந்தது.

அமிர்தசாமி யாரையும் கேட்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு ஐம்பதுக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலிருந்து போன் செய்தார். வழக்கமான சாயங்கால ரயிலுக்காக அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மேடம். நன்றியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி மறுநாள் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ட்ரெயின் புள்ளைங்க வேற எங்கங்க போகும்?" என்றார் அவர்.

*அவர்கள் யாரும் செயலியைத் திறந்து பார்ப்பதில்லை. அவள் பெயருக்கு நேராக என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்த அடிக்குறிப்பை மேலே கொண்டுபோய் முதல் பத்தியில் வைக்க வேண்டும். வைக்கவில்லை.

5

புதன்கிழமை, மேடம் அறை. ஆண்டி, சுபலட்சுமி, அமிர்தசாமி, நான்.

"நேத்து ஸ்கூலுக்கு வந்தியா, இல்லையா?"

"வரல மேடம்."

"ஆப்ல வந்ததா இருக்கே. அப்ப உங்க மிஸ் பொய்யா போட்டிருக்காங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். மேடமும் என் பக்கம் திரும்பினார். "காலையில இருந்தாளா ரஞ்சனி?"

"ஆப்ல இருக்கு மேடம்," என்றேன்.

மூன்று சொல். மூன்றும் உண்மை. சொல்லும்போதே அதைக் கவனித்தேன்.

சுபலட்சுமி தரையைப் பார்த்தாள். "வந்தேன் மேடம். அப்புறம் கேட் வழியா போயிட்டேன்."

"பாப்பா, எந்தக் கேட் வழியா?" என்றார் அமிர்தசாமி. "அங்க நான்ல நின்னேன்."

ஆண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எம் புள்ளையத் தேடிக் கொண்டாந்தீங்க, அதுக்குக் கும்புடுறேன். ஆனா விட்டதும் நீங்கதானாங்க?"

"விடலைங்க."

"பின்ன புள்ள எப்புடிங்க வெளிய போச்சு?"

"அதான் எனக்கும் புரியலைங்க."

சனிக்கிழமையோடு அமிர்தசாமியை வேலையிலிருந்து நிறுத்துவதென்று முடிவானது. மேடம் கெட்டவர் இல்லை. பெண் பிள்ளை விஷயம், கேட் விஷயம், பதிவும் பிள்ளையும் ஒரே மாதிரி சொல்லும்போது அவர் வேறென்ன செய்வார்?

வெளியே நடையில் சுபலட்சுமி என் பின்னால் வந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், நான் சரியாத்தானே சொன்னேன்?"

"கிளாசுக்குப் போ," என்றேன்.

(வாசகரே, என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தால் அதை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.)

வியாழக்கிழமை நான்கு பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி முகாம். பத்து நாளுக்கு முன்பே எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மைக்கைப் பிடித்து நாற்பது வினாடி வழியைச் செய்து காட்டினேன். கைதட்டினார்கள். அதைக் கேட்டுத்தான் மேடம் இந்தக் கட்டுரையைக் கேட்டார். இதையும் முதல் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பதிவு தவறு என்று ஒரு வரி சொன்னால் அமிர்தசாமியின் வேலை போகாது. இந்த நான்கு நாளில் அந்த ஒரு வரியை நான் ஏன் சொல்லவில்லை? சொன்னால் மேடம் அடுத்த கேள்வி கேட்பார். எப்போது தெரிந்தது உங்களுக்கு? கேபிள் செருகியது மன்னிக்கக்கூடிய தவறு. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில்

6

முடிவுகள் மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் ரஞ்சனி போய்ச் சொல்கிறாள். எல்லோரும் கண்கலங்குகிறார்கள். அமிர்தசாமி, "விடுங்க டீச்சர், மனுசங்கதானே" என்கிறார். இது எனக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை. அவர் அப்படிச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இரண்டாவதில் சுபலட்சுமி மனம் மாறி உண்மையைச் சொல்கிறாள். பதிமூன்று வயதுப் பெண்ணிடம் என் வேலையை இரண்டாவது முறையும் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவதில் நவ்ஷாத் சார் வந்து, "சர்வர் பிரச்சினை மேடம், அன்னைக்கு எல்லா கிளாசுக்கும் தானா வருகை விழுந்திருக்கு" என்கிறார். வாட்ச்மேன் தப்பிக்கிறார், நானும் தப்பிக்கிறேன். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு பக்கம் முழுக்கத் தடங்கலே இல்லாமல் வந்தது.

மூன்றையும் அடித்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

7

ஆறாம் பகுதி வரை ஆய்வகத்தில் எழுதியது. இதை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

பதினொன்றே முக்காலுக்கு அமிர்தசாமி ஆய்வக வாசலில் வந்து நின்றார். சீருடை இல்லாமல், கட்டம் போட்ட சட்டையில். முதலில் யாரென்றே தெரியவில்லை.

"போயிட்டு வரேன் டீச்சர். பின் கேட் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும். சாவிய அரைச் சுத்து பின்னால திருப்பிட்டுத் தொறக்கணும். புதுசா வர்றவருகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்."

மேசையில் இருந்த தாள்களைப் பார்த்தார். "எழுதுறீங்களா?"

"ஆமாங்க."

"என்னையப் பத்தி எழுதிடாதீங்க. ஏற்கெனவே ஆபீஸ்ல நாலு பக்கம் எழுதிட்டாங்க," என்று சிரித்தார். "அதுல கையெழுத்துப் போடத்தான் போறேன்."

அவர் படி இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்தே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. பிறகு தாள்களை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

மேடம் அறையில் அமிர்தசாமி மேசையோரம் குனிந்து நின்றிருந்தார். பேனா அவர் கையில் இருந்தது. நான்கு பக்கத்தில் மூன்றில் கையெழுத்து முடிந்திருந்தது.

"என்ன ரஞ்சனி, பத்தும் முடிஞ்சுதா?" என்றார் மேடம்.

"நாலுல நிக்குது மேடம்."

"கடைசி நேரத்துல வந்து நாலுங்கிறீங்க. உக்காருங்க, இவரை அனுப்பிட்டு வரேன்."

"அவரை அனுப்பாதீங்க மேடம்."

அமிர்தசாமி நிமிர்ந்து பார்த்தார்.

நான் பேசி முடித்த பிறகு அந்த அறையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுதப்போவதில்லை. எழுதினால் அது நான்காவது முடிவாகிவிடும், அதிலும் எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையாவது சேர்த்துவிடுவேன். நீங்கள் ஆசிரியராக இருந்தால் உங்கள் தலைமையாசிரியரையும், நான்காவது பக்கத்தின் மேல் பேனாவோடு நிற்கும் ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். மீதி உங்களுக்கே தெரியும். நான் சொன்னதை மட்டும், சொன்ன வரிசையிலேயே வைக்கிறேன்.

"சுபா செவ்வாய்க்கிழமை ஸ்கூலுக்கே வரல மேடம். நான் பார்க்காம போட்டுட்டேன். இவர் யாரையும் வெளிய விடல."

"அவளே வந்தேன்னு சொன்னாளே?"

"எனக்காகச் சொன்னா."

"சரி. இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கே. மூணாவது பீரியட்ல. பின்னாடி நின்னுட்டிருந்தேன், அவ இடம் காலியா இருந்துச்சு. போனை எடுத்துப் பார்த்தேன், வருகைன்னு இருந்துச்சு. திருத்தம் போட்டா உங்களுக்கு வரும், வியாழக்கிழமை நான் அதைப் பத்தியே பேசணும். அவங்க அப்பா நம்பரை எடுத்தேன் மேடம். எடுத்து வச்சுப் பார்த்துட்டு, கூப்பிடல."