இறக்கும் பக்கச் சங்கிலி

...அடித்தது போதவில்லை, அதுதான் விஷயம், நேற்று சாயங்காலம் வாசலில் காலரைப் பிடித்து வேன் கதவில் அவன் மண்டையை மோதினேனே, கதவுதான் நசுங்கியது, மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கதவுக்கும் நான்தான் தண்டம் அழவேண்டும், இப்போது பார், என் மச்சினன் என் வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து படுத்திருக்கிறான், வெளியே தெரிவது செருப்புப் போட்ட இரண்டு கால்கள் மட்டும். அந்தக் காலைத்தானே ஆக்ஸிலேட்டரில் வைத்து அழுத்தினான், ஹீட் முள் சிவப்பைத் தாண்டிப் போய் ஒட்டிக்கொண்டபோதும், புகை வந்தபோதும், பின்னால் உட்கார்ந்திருந்த ஃபேக்டரிப் பெண்கள் கத்தியபோதும், இன்ஜின் உள்ளுக்குள்ளேயே இறுகிப்போய் நிற்கிற வரைக்கும் அழுத்தினான்... கண் அவிந்து போச்சா உனக்கு? மூக்கு? ஓரமாக நிறுத்திச் சூடு ஆறும்வரை காத்திருந்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் முடிந்திருக்கும் சமாசாரம். அந்தக் கால் இரண்டையும் பிடித்து வெளியே இழுத்து, அந்தப் பெரிய ஸ்பேனரால் முட்டியில் ஒன்று, ஒன்றே ஒன்று... என் பல் நறநறக்கிற சத்தம் எனக்கே கேட்கிறது.

என் கையில் செயின் பிளாக்கின் சங்கிலி, ஒரு பக்கத்தை இழுத்தால் தொங்குகிற எடை ஏறும், மறுபக்கத்தை இழுத்தால் இறங்கும். மேலே தொங்குவது வேறு ஏதோ வண்டியின் இன்ஜின், என் வேனின் இன்ஜினைவிட ஒரு சுற்று பெரியது, காயலான் கடையிலிருந்து இன்று காலைதான் வந்தது. "வாங்கறதுக்கு முன்னாடி வச்சுப் பாத்துரலாம்ணே, உக்காந்தா எடுத்துக்க, இல்லன்னா அவன்கிட்டயே திருப்பித் தள்ளிடலாம்" என்று சொல்லிவிட்டு அரைவிரல் மெக்கானிக் வாசலுக்குப் போய் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருக்கிறான். மூன்று வழி சொன்னான். பழைய இன்ஜினையே பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன் மாற்றலாம், ஆனால் சூட்டில் பிளாக்கே கோணிக்கொண்டிருக்கிறது, ஒரு வருஷம் ஓடினால் அது என் அதிர்ஷ்டம். அதே மாடல் பழசு ஒன்றைத் தேடிப் போடலாம், அதை எவன் எப்படி ஓட்டிச் சாகடித்தானோ யாருக்குத் தெரியும். இல்லாவிட்டால் இந்தப் பெரியது, சல்லிசு விலைதான், ஆனால், "இன்ஜின் வெல ஒண்ணுமேயில்லண்ணே, இன்ஜினச் சுத்தி இருக்கறதுதான் வெல" என்றான், இன்ஜின் உட்காருகிற மவுண்டிங்கை அறுத்து வெல்டு வைக்கணும், ரேடியேட்டர் பெரிசாக்கணும், முன்பக்க ஸ்பிரிங் தாங்காது, பிரேக் பிடிக்காது, அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசில் போய் இன்ஜின் நம்பரை மாற்ற அலையணும். ஒன்றை மாற்றினால் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் மாற்றணும். மச்சினனை மாற்ற முடியுமா? காயலான் கடையில் எடைக்குப் போட்டால் இரும்புக்காவது காசு வரும், இவனுக்கு என்ன வரும், மண்ணாங்கட்டி.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க மாமா." குரல் வண்டிக்கு அடியிலிருந்து. எவ்வளவு பவ்யம் பாருங்கள்! காலையில் கூப்பிடாமலே வந்து நின்றான், நெற்றியில் நான் கொடுத்த வீக்கத்தோடு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். இந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு, மெக்கானிக்கின் கண்டிப்பான முறை, ஆள்காட்டி விரலில் பாதியை இன்ஜினுக்குக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டது. கீழே இருக்கிறவன் வாயால் சொன்னால் போதாது, இரண்டு கையாலும் வண்டியின் பக்கத் தகரத்தில் தட்டவேண்டும், இடது கை இடது தகரத்தில், வலது கை வலது தகரத்தில், இரண்டு சத்தமும் கேட்ட பிறகுதான் மேலே இருக்கிறவன் சங்கிலியைத் தொடலாம். என் வண்டியில் அது சுலபம், இடது பக்கம் டம் என்று அதிரும், வலது பக்கம் ஒட்டுப்போட்ட தகரம், டொக் என்றுதான் கேட்கும். டம், டொக். இறக்கினேன். டம், டொக். இன்னும் கொஞ்சம். இன்ஜினின் கால் மவுண்டிங் ரப்பருக்கு மேலே விரல்கடை தூரத்தில் ஊசலாடுகிறது, போல்ட் ஓட்டை நேர்படவில்லை, அவன் ரப்பரைத் தள்ளிப் பார்க்கிறான், கை அங்கேதான் இருக்கிறது, அந்த இடுக்கில்... இவ்வளவு எடை விழுந்தால் விரல் என்ன ஆகும்? ஒரு விரலுக்கு ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள்? இரண்டுக்கு? சே, என்ன கணக்கு இது! ஆனால் புத்தி போட்டுவிட்டது. மவுண்டிங், ரேடியேட்டர், ஸ்பிரிங், விரல், எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன.

என் பெண்டாட்டி நேற்று குறுக்கே விழுந்தாள். நான் கையைப் பின்னால் ஓங்கியபோது முழங்கை அவள் உதட்டில் பட்டது, வேண்டுமென்று இல்லை, சத்தியமாக இல்லை, ஆனால் பட்ட பிறகும் நான் நிறுத்தவில்லை. வாயெல்லாம் ரத்தத்தோடு தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நிறுத்தி லேட்டாச்சுன்னா நீங்க கொன்னுடுவீங்கன்னுதாங்க அவன் நிறுத்தல." ஆமாம், கொல்லத்தான் செய்வேன் என்றேன். சொன்னேனா? தெருவே கேட்கச் சொன்னேன். இன்று காலை வீங்கின உதட்டோடு டீயைக் கையில் தராமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போய்க் கிடந்தது, அதையும் குடித்தேன். நான் என்ன ராட்சசனா? லேட்டானால் வண்டிச் சாவியை இனிமேல் தொடாதே என்று சொல்லியிருப்பேன், தொழில் பண்ணுகிறவன் சொல்லமாட்டானா, அதற்காக இன்ஜின் எரிகிறவரை ஓட்டுவானா ஒருத்தன், அவ்வளவு பயமா, யாரிடம், என்னிடமா...

டம்.

"கை வெளிய மாமா. இறக்குங்க."

இழுத்தேன். கடக். ஒரு கண்ணி கீழே போயிற்று, இன்ஜின் அசைந்து இறங்கியது, அப்புறம்தான் காதில் உறைத்தது, இல்லை, பொய், இழுக்கும்போதே உறைத்தது, டம் மட்டும்தான், டொக் வரவில்லை. சங்கிலி என் உள்ளங்கையில் வழுக்குகிறது. இன்னும் ஒரு கடக் போதும். மயிரிழைதான் பாக்கி.

"வலது கை எங்கடா?"

 வாசலில் மெக்கானிக் எதற்கோ சிரிக்கிறான். செருப்புக் கால்கள் ஆடாமல் அசையாமல் கிடக்கின்றன. 

"டேய்! கையை எடுடா, நாயே! எடுடா!"

கொஞ்ச நேரம் கழித்து, அவசரமே இல்லாமல், டொக் என்று ஒரு சத்தம். நான் குனிந்து பார்த்தேன். கிரீஸ் அப்பின முகம், வீங்கின நெற்றி, கண்கள் நேராக என்னைப் பார்க்கின்றன. வலது கை நகங்களின் மேல் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு, இன்ஜின் கால் தொட்ட தடம். அதை அவன் மறைக்கவில்லை. "ஒரே இழுப்பா விட்டிருக்கலாம் மாமா" என்றான் மெதுவாக, அக்காவைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு. "அதோட கோவம் தீந்து அக்காவ அடிக்காம விட்டிருப்பீங்கல்ல."  மடையா, உன்னை யார் கேட்டது? நான் கேட்டேனா? வாயைத் திறந்து கேட்டேனா?

"என்னண்ணே, உக்காந்துச்சா? காயலான் கடக்காரன் இப்பவே பதில் சொல்லுங்கறான்!" மெக்கானிக் போனைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். நான் தூக்கும் பக்கச் சங்கிலியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுக்கவேண்டும், அவ்வளவுதான், இன்ஜின் மேலே போய்விடும், அவன் எழுந்து வந்துவிடுவான், இந்த இன்ஜின் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கையைப் பார்த்தேன். எத்தனை நேரமாகவோ, அது இன்னும் இறக்கும் பக்கச் சங்கிலியைத்தான் இறுகப் பிடித்திருந்தது.