இரண்டு நிமிடம்

வேலை விண்ணப்பத்தில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் நவமணி காலியாக விட்டிருந்தாள். 'வேறு வேலைக்கும் உதவக்கூடிய திறமைகள்.'

"ஒன்னுமே இல்லையா அக்கா?" ஈப்போ பேரங்காடியில் ஆளெடுக்கும் பிரமிளா பேனாவால் அந்த இடத்தைத் தட்டினாள்.

"கையுறை ஃபேக்டரில பத்தொம்போது வருஷம். கையுறைக்குள்ள தண்ணி ஊத்தித் தொங்கவிடுவோம். ரெண்டு நிமிஷம் பார்க்கணும். ஒழுகினா தள்ளிடணும். அவ்ளோதான் லா."

"பேச்சுத் துணைக்கு யாரும் இல்லையா?"

"பேசினா கண்ணு தப்பிடும்னு சூப்பர்வைசர் ஏசுவாரு."

பிரமிளா சிரித்தாள். நவமணி சிரிக்கவில்லை. அவள் குறிவைத்து வந்தது தகவல் கவுண்டர் வேலைக்கு. ஃபேக்டரி மூடி எட்டு மாதம். ஈப்போவை அடுத்த செமோரில், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய வரிசையில் கடைசி வீடு அவளுடையது. மகள் புனிதா சிங்கப்பூரில். ஒரு ஞாயிறு தவறினால் அடுத்த ஞாயிறுதான் போனில் குரல். மற்ற நாட்களில் நவமணி வாய் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும். நாலு பேர் வந்து "அக்கா, டாய்லெட் எங்க?" என்று கேட்டால்கூடப் போதும் என்றிருந்தது.

"சரி, பத்து நிமிஷம் நின்னு பாருங்க."

பிரமிளா அவளைக் கவுண்டரில் நிறுத்தினாள். பக்கத்தில் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் கார்த்திகேசு தேநீரோடு சாய்ந்து நின்றார்.

கைப்பை மாட்டிய ஒரு பெண் வந்தாள். "மருந்துக்கடை எந்தப் பக்கம்?"

விடை தெரியும். வலப்பக்கம், லிஃப்டைத் தாண்டி. குரல்தான் வரவில்லை. எதிரே ஒன்று வந்து நின்றால் முதலில் பார்ப்பது, பார்த்து முடித்த பிறகே தீர்ப்பு. ஃபேக்டரிப் பழக்கத்தில் மனம் தானாக நொடிகளை எண்ணத் தொடங்கிவிட்டது. இருபதில் அந்தப் பெண் முகம் சுளித்தாள். முப்பதில் நகர்ந்து, கடைகளைப் பார்த்தபடி மெல்ல நடந்தாள்.

பிரமிளா பெருமூச்சுவிட்டாள்.

நூற்றிருபது.

"அந்தம்மா பை ஜிப்பு பாதி திறந்திருக்கு," என்றாள் நவமணி. "பின்னால போறாரே நீலச் சட்டை, நான் வந்ததுலேருந்து மூனு பொம்பளைங்க பின்னால போயிட்டாரு. எதுவும் வாங்கல."

கார்த்திகேசுவின் தேநீர் மேசைக்குப் போனது. வாக்கிடாக்கி வாய்க்கு வந்தது. மருந்துக்கடை வாசலில் பிடிபட்டபோது நீலச் சட்டைக்காரன் கையில் அந்தப் பெண்ணின் பர்ஸ் இருந்தது.

அரை மணி நேரத்தில் வேலை உறுதி.

கார்த்திகேசு ஒரு கதவைத் திறந்தார். ஜன்னல் இல்லாத அறை. இருபத்துநாலு கண்காணிப்புத் திரைகள். ஒரே நாற்காலி.

"மூனு பேரைப் போட்டுப் பார்த்தேன்க்கா. தனியா இருக்க முடியலன்னு ஓடிட்டாங்க. எட்டு மணி நேரம், ஒருத்தரும் பேச வரமாட்டாங்க. முடியுமா?"

"கவுண்டர்ல இடம் இல்லையா தம்பி?"

"அங்க பேசணுமேக்கா."

நவமணி நாற்காலியைப் பார்த்தாள். இந்த முறை ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை.

"முடியும்," என்றாள். தனியாக இருக்க முடியும். காலிக் கட்டத்தில் அவள் எழுதியிருக்க வேண்டியது அதுதான்.

கதவு சாத்திக்கொண்டது. ஒன்பதாவது திரையில் தகவல் கவுண்டர் தெரிந்தது. யாரோ ஒரு கிழவர் குனிந்து எதையோ கேட்டார். கவுண்டர் பெண் கைநீட்டிச் சிரித்தாள். சத்தம் இல்லை.

நவமணி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"வலப்பக்கம் ஐயா," என்றாள். "லிஃப்டைத் தாண்டி."

குரல் இப்போது நன்றாகவே வந்தது.