மடிப்பில் விழுந்த கறை

என் நாத்தனாருக்குச் சலவை ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்பும் ஆலை. மடிப்புப் பிரிவில் எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. பிழிந்து வரும் ஈர விரிப்பை இரண்டாக மடித்து, இஸ்திரி உருளைக்கு முன்னால் இருக்கும் நீளக் கம்பியில் போடுவது அவள் வேலை. சேர்ந்த மூன்றாவது வாரமே பெயர் கெட்டுவிட்டது.

விரிப்புகளில் மிளகு அளவுக்குப் பழுப்புக் கறை. ஒரு விடுதியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பினார்கள். சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றை மனதில் ஏற்றிக்கொண்டால் எளிதில் இறக்கிவைக்க மாட்டார்.

"கறை வர ஆரம்பிச்சு மூணு வாரம். இவங்க வந்தும் மூணு வாரம்," என்றார். "பத்து விரிப்பு எடுத்துப் பாத்தேன். நாலுல கறை. பத்துமே இவங்க ஷிப்ட்ல போனது. இவங்க கையில பூசுற மருந்தும் அதே நிறம்."

நாத்தனாருக்கு விரலிடுக்கில் தோல் உரியும். அதற்கு ஒரு பழுப்புக் களிம்பு பூசுவாள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் மெஷின் எண்ணெய்க் கையோட துணியத் தொட்டு இப்படித்தான் ஆச்சு, ஞாபகம் இருக்கா? அதே கதைதான் இதுவும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "அண்ணி, ஒருவேளை நான்தானோ?"

"சும்மா இரு," என்றேன். ஆனால் எனக்கும் உள்ளூர உறுத்தியது. மறுநாளே ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

கையுறை போட்டும் கறை நிற்கவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"உறையில எங்கயாவது ஓட்டை இருக்கும்," என்றார்.

கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. கையுறை இல்லாவிட்டாலும் இவள்தான், இருந்தாலும் இவள்தான் என்றால், அப்புறம் இவள் எப்படித்தான் தப்பிப்பது?

அந்தக் கோபத்தில் அவர் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அந்த எண்ணெய்க் கறை இரண்டாம் முறை சோப்புப் போட்டதும் போய்விட்டது. நான்தான் மடித்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்தக் கறையோ எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை. பிறகு எப்படி அதே கதை ஆகும்? அடுத்து அந்தப் பத்து விரிப்பு. பத்தும் அவள் ஷிப்ட் விரிப்புகள் என்றால், மற்ற ஷிப்டில் ஒன்றைக்கூட அவர் எடுத்துப் பார்க்கவே இல்லை என்றுதானே அர்த்தம்?

புதன்கிழமை எங்கள் ஷிப்ட் முடிந்தபின் நான் வீட்டுக்குப் போகவில்லை. மாலை ஷிப்டில் நாத்தனார் வேலையைச் செய்பவர் வேறொருவர். அவர் போட்ட விரிப்புகளில் கண்ணை மூடிக்கொண்டு இருபதை உருவினேன். ஏழில் கறை. காலையில் நாத்தனார் போட்டதில் இருபது. எட்டில் கறை. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

கறை பட்ட பதினைந்தையும் மேசையில் போட்டு, பழக்கத்தில் மடிக்க ஆரம்பித்தேன். நான்காவது விரிப்பில் கை நின்றது. கறை நடுமடிப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தது. முந்தைய மூன்றைப் பிரித்தேன். அவற்றிலும் அப்படித்தான். பதினைந்திலும் அப்படித்தான். மருந்துக் கையால் பட்ட கறை என்றால் ஓரத்தில் இருக்க வேண்டும். விரிப்பைப் பிடிப்பது ஓரத்தில்தானே. நடுமடிப்பைத் தொடுவது ஒன்றே ஒன்று, அந்தக் கம்பி.

கம்பியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தேன். ஓரிடத்தில் கரடுமுரடாக இருந்தது. விரலில் பழுப்பு ஒட்டியது.

மறுநாள் காலை சூப்பர்வைசரை அங்கேயே அழைத்துப்போனேன். ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டரும் வந்தார்.

"இந்தக் கம்பி நடுவுல விட்டுப்போச்சுன்னு நான்தான் ஒட்டுப் போட்டேன்," என்றார் பிட்டர். "எவர்சில்வர் போல்ட் கிடைக்கல. சாதா இரும்பு போட்டேன். மூணு வாரம் இருக்கும்."

சூப்பர்வைசர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "துரு இருக்குதுதான். அதுக்காக இதுதான் காரணம்னு எப்படிச் சொல்ல முடியும்? நான் ஒரு தடவை அவசரப்பட்டுட்டேன், இன்னொரு தடவை வேண்டாம்."

"அவசரப்பட வேண்டாம் சார்," என்றேன். "போல்டை மூடிட்டு, இவ கையுறை இல்லாம, அந்த மருந்தையே பூசிக்கிட்டு வேலை செய்யட்டும். என்ன வருதுன்னு பாப்போம்."

நாத்தனார் என்னை முறைத்தாள். பிட்டர் போல்ட்டின் மேல் பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் சொருகினார்.

அன்று உருளையிலிருந்து வந்த ஒவ்வொரு விரிப்பையும் நானும் சூப்பர்வைசரும் ஆளுக்கொரு முனை பிடித்து வெளிச்சத்தில் பார்த்தோம். முதல் இருபது சுத்தம். ஐம்பது சுத்தம். நூறு தாண்டியதும் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நூத்துக்கு நாப்பது வந்துட்டிருந்துச்சு. இப்ப ஒண்ணுகூட இல்ல," என்றார். "நாளைக்கும் பாத்துருவோம். ஆனா எனக்குச் சந்தேகம் போச்சு." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோம்மா. நீ வந்த வாரமே கம்பியும் ஒட்டுப் போட்டிருக்கு. என் கண்ணுல நீதான் பட்ட."

நாத்தனார் அடுத்த விரிப்பை எடுத்துக் கம்பியில் போட்டாள். வெள்ளிக்கிழமையும் ஒரு கறை இல்லை. சனிக்கிழமை எவர்சில்வர் போல்ட் வந்தது. திருப்பி அனுப்பிய விடுதிக்குச் சூப்பர்வைசரே போன் போட்டு, தவறு எங்கள் கம்பியில்தான் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அவள் பேச ஆரம்பித்தாள். உருளையின் சூடு, பிட்டரின் நடை, காலைக் கடிக்கிற புதுச் செருப்பு, எதையும் விடவில்லை. இத்தனை நாள் பேச்சும் உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. நான் பாதியைக் கேட்டேன், மீதிக்கு ஊம் கொட்டினேன். இறங்கவேண்டிய நிறுத்தம் இருவருக்குமே கவனத்தில் இல்லை. அடுத்ததில் இறங்கி, பேசிக்கொண்டே திரும்பி நடந்தோம்.