நித்திரையைப் பணயம் வைத்தவர்

வெள்ளவத்தையில், கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்துத் தொடர்மாடியில் இருக்கும் கதிர்காமநாதன் தன் நித்திரை முழுவதையும் போக்கர் மேசையில் தோற்றவர். நாட்டில் பெற்றோலும் இல்லை, கையில் சல்லியும் இல்லை என்றிருந்த வருஷத்தில், பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைகளில் கூடும் சீட்டுக்கூட்டம் காசுக்குப் பதிலாகத் தீக்குச்சி வைத்து ஆடியது. ஒரு குச்சி ஓர் இரவு நித்திரை என்று யாரோ பகிடிக்குச் சொன்னார்கள். அன்றே அது பலித்துவிட்டது. தோற்றவர்கள் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள், வென்றவர்கள் மறுநாள் மத்தியானம் வரை கிடந்தார்கள். அதற்காக ஒருவரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. போயா நாளில் வேறு என்னத்தைச் செய்வது?

கதிர்காமநாதன் காப்புறுதிக் கம்பனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், எதற்கும் பயந்து பயந்து கணக்குப் போடுகிற மனுஷன். நல்ல சீட்டு வந்தால், மற்றவர்கள் ஓடிவிடுவார்களே என்று ஒரேயொரு குச்சியை நகர்த்துவார். குப்பைச் சீட்டு வந்தால், அவர்களை வெருட்டக் குவியலாகத் தள்ளுவார். இது அவரைத் தவிர மேசையில் எல்லோருக்கும் தெரியும். இப்படிச் சின்னதாக வென்று பெரிதாகத் தோற்று, கடைசியில் எல்லாவற்றையும் ஜிந்துப்பிட்டி இரும்புக்கடைக் கஜேந்திரனிடம் விட்டார். கஜேந்திரன் பாடும் பாவம்தான். ஆணி நிறுக்கும்போதே தராசில் தலை சாய்ந்துவிடும், கடை பாதி நாள் பூட்டிக் கிடக்கும். கதிர்காமநாதனோ கண் எரிய எரிய வீட்டுக்குள் நடந்தார், தேத்தண்ணிக்கு உப்பைப் போட்டுக் குடித்தார். இந்த ஆள் இப்படியே ஒருநாள் விழுந்து போய்விடுவாரோ என்று அவர் மனைவி ஜீவராணிக்குப் பயம் பிடித்தது. வெசாக் போயாவன்று காலை, தன் நித்திரையைக் குச்சிகளாக எண்ணி எடுத்துக்கொண்டு அவளே போய் மேசையில் இருந்தாள்.

சீட்டு நல்லதோ கெட்டதோ, ஒரே அளவை ஒரே முகத்தோடு வைத்தாள்; சந்தையில் மரக்கறி விலை கேட்கிற முகம். ஒருவருக்கும் பிடிபடவில்லை. மத்தியானமளவில் அசைக்க முடியாத சீட்டு கைக்கு வந்தபோதுதான் இருந்ததெல்லாவற்றையும் நடுவில் தள்ளினாள். கஜேந்திரன் கொட்டாவி விட்டார்.

“தூங்கித் தூங்கி அலுத்துப் போச்சுக்கா. நானும் எல்லாத்தையும் வச்சிட்டேன்” என்றார். தோற்றதும் முகம் தெளிந்து கடை திறக்கப் போனார்.

வென்ற நித்திரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தால் ஒட்டாது, சீட்டில்தான் கைமாறும், அதுவும் போயாவன்று மட்டும். ஆகவே அன்று பின்னேரம் கட்டிலில் இருந்து ஜீவராணி இரண்டு பேருக்கும் சீட்டுப் போட்டாள். பணயம் வைக்கக் கதிர்காமநாதனிடம் மிஞ்சியிருந்தது பசி மட்டும்தான். அவருக்கு எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஏஸ் இரண்டு வந்திருந்தன. அவள் தன் சீட்டைப் பார்த்தாள், அவர் முன்பு தோற்ற குச்சி முழுவதையும் நடுவில் தள்ளினாள்.

“வைக்கிறீங்களோ?”

அவர் குவியலைப் பார்த்தார். மத்தியானம் இவள் இப்படித் தள்ளியது அசையாத சீட்டுக்கு அல்லவா? பசியும் போனால் பிறகு என்ன மிஞ்சும்?

“இல்லையப்பா, நீர் ஏதோ பெரிசா வச்சிருக்கிறீர்” என்று ஏஸ் இரண்டையும் கவிழ்த்து வைத்து ஆட்டத்தை விட்டார்.

ஜீவராணி சீட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரு இரண்டு, ஒரு ஏழு. “தோக்கத்தான் தள்ளினனான். நீங்கள் குப்பைக்கு எப்பிடித் தள்ளுவீங்களோ, அப்பிடியே தள்ளினன். உங்கட விளையாட்டே உங்களுக்குத் தெரியேல்லையே” என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் இரண்டு பேரின் நித்திரை ஒன்றாக அமத்த, அழுது முடிக்கும் முன்பே தலையணையில் சாய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. முதலில் உறுமல், பிறகு மெல்லிய விசில். அது கதிர்காமநாதனின் குறட்டை. அவர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, விடியும்வரை அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு ரஜனி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். “அண்ணை இப்ப நல்லா நித்திரை கொள்ளுறார் போல. சுவரெல்லாம் அதிருது” என்றாள்.

“ஓம்” என்றாள் ஜீவராணி.

அவரும் ஓம் என்று தலையாட்டிவிட்டு, தேத்தண்ணியில் உப்பைப் போட்டுக் கலக்கினார்.