சைக்கிள் எந்தப் பக்கம் பார்க்கிறது

முதலாளிக்குக் கோபம் வந்தால் சமாளித்துவிடலாம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தணிந்துவிடுவார். சந்தேகம் வந்தால்தான் ஆபத்து. செருப்புக்குள் கல் புகுந்த கதைதான். அதை எடுத்துப் போடும்வரை தானும் நடக்கமாட்டார், மற்றவர்களையும் நடக்கவிடமாட்டார்.

இந்த முறை வந்த சந்தேகம் இது: "நம்ம பத்திரிகையைப் படிச்சுட்டு எவனாவது நிஜமாவே சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்புறானா?"

கேட்டது மூட்டையக்காவிடம். அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, அலுவலகத்தில் யாருக்கும் அது நினைவில்லை. அந்த சைக்கிள் மாதப் பத்திரிகையில் 'மூட்டையும் பெடலும்' என்ற பயணக் கட்டுரையை எழுதுகிறவர் அவர். கூடாரம், மாற்றுத்துணி, சின்ன அடுப்பு எல்லாவற்றையும் பைகளில் திணித்து, சைக்கிளின் சட்டத்திலும் கைப்பிடியிலும் இருக்கைக்குப் பின்னாலும் வாரால் இழுத்துக் கட்டிக்கொண்டு, தார் ரோட்டை விட்டு விலகி மண்பாதையில் போய்க் கண்ட இடத்தில் தூங்கி எழுந்து வருவார். பைக்பேக்கிங் என்பார்கள். வந்து எட்டுப் பக்கம் எழுதுவார். மூட்டையக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். சொல்லப்போனால் அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அலுவலகம் என்பது முதலாளியின் சைக்கிள் உதிரிபாகக் கிடங்குக்கு மேலே இரண்டு அறைகள். புது டயர் வாசனை படிக்கட்டில் ஏறி வந்து எல்லார் சட்டையிலும் உட்கார்ந்துகொள்ளும். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அடுத்த இதழின் பக்கங்களை முதலாளி அதில் கட்டம் கட்டமாக வரைந்து நிரப்புவார். இந்த மாதம் அக்காவின் எட்டுக் கட்டங்களில் 'டயர் ஒப்பீடு' என்று எழுதிவைத்திருந்தார்.

"சார், அது என் இடம்" என்றார் அக்கா.

"இடம் உன்னோடதுதாம்மா. ஆள் எங்கே? இப்பல்லாம் போனைத் திறந்தா மலை மேல சைக்கிள் ஓட்டுற வீடியோ கொட்டிக் கிடக்கு. உன் கட்டுரையைப் படிக்கிறவன் 'ஆஹா'ங்கிறான், கொட்டாவி விடுறான், விளக்கை அணைக்கிறான். படிச்சுட்டுக் கிளம்பின ஒரே ஒரு ஆளைக் காட்டு. இந்தப் பலகையை நானே அழிக்கிறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

எட்டுப் பக்கம் போனால் அக்காவுக்கு வேறு வேலை கொடுப்பார்கள், சோறு போய்விடாது. ஆனால் இத்தனை வருஷம் மழையிலும் வெயிலிலும் மிதித்து, ராத்திரியெல்லாம் அடித்துத் திருத்தி எழுதியது எல்லாம் கிணற்றில் போட்ட கல்தானா? அந்தக் கேள்விதான் அவரை அரித்தது. முதலாளியின் சந்தேகம் தொற்றுநோய் மாதிரி அவரையும் பிடித்துக்கொண்டது.

சந்தாதாரர்களுக்கு போன் போட ஆரம்பித்தார். முடி திருத்தும் கடைக்காரர் ஒருவர், "காத்திருக்கிறவங்களுக்காக வாங்கிப் போடுறேங்க. உங்க பக்கம் வந்தா முடி வெட்டுறப்போ தலையை ஆட்டாம படிக்கிறாங்க, எனக்கு ரொம்ப வசதி" என்றார். ஒரு பல் மருத்துவர், "உங்க கட்டுரை படிச்சா எனக்கு அருமையா தூக்கம் வருதும்மா, மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று மனதார வாழ்த்தினார். இன்னொருவர் அக்கா எழுதிய பைகளை ஒன்று விடாமல் வாங்கியிருந்தார். அக்கா ஆவலோடு, "எங்கே போனீங்க?" என்று கேட்டார். "காய்கறிச் சந்தைக்கு. ஒரு தக்காளிகூட நசுங்கல!"

"பேசாம உங்க தம்பியைக் கூட்டிட்டு வந்து, கிளம்பின ஆள்னு நிறுத்துங்க" என்று யோசனை சொன்னான் தாடி. அவன் பக்க வடிவமைப்பாளன். பத்திரிகையின் அழகுக்கு அவன்தான் பொறுப்பு, அழகு பற்றி அவனுக்கு அசைக்க முடியாத கொள்கைகள் உண்டு.

"என் தம்பிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுடா. முதலாளிக்கும் அது தெரியும்."

வெள்ளிக்கிழமையும் வந்தது. முதலாளி பலகைக்கு முன்னால் நின்று, டயர்களுக்கு எந்தக் கட்டத்தில் எந்தப் படம் என்று தாடியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் படிக்கட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே ஏறி வரும் சத்தம் கேட்டது. பேச்சு என்பது மரியாதைக்குச் சொல்வது. கிடங்கில் இருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"இந்தப் பத்திரிகையில 'மூட்டையும் பெடலும்' எழுதுறது யாரு?" என்றார் முன்னால் வந்தவர். கையில் நாலு மாதத்துக்கு முந்தைய இதழ்.

"நான்தான்" என்றார் அக்கா.

"நல்லதாப் போச்சு. ஒரு தீர்ப்பு சொல்லுங்க. இவ என் நாத்தனார். நான் இவளுக்கு அண்ணி. நாங்க ரெண்டு பேரும் ஊர் திரும்பினதுல இருந்து வீட்டுல நிம்மதி இல்ல. இவ அண்ணன் இருக்காரே, என் வீட்டுக்காரர், பாவம், மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. 'தயவு செஞ்சு அந்தப் பத்திரிகைக்காரங்ககிட்டயே போய்க் கேளுங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டாரு."

அண்ணி பேக்கரியில் வேலை பார்க்கிறவர். நாத்தனார் கண்ணாடிக் கடையில். இருவருக்கும் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தது ஒரே ஒரு தடவை. அதில் அக்காவின் ஏரிக் கட்டுரையைப் படித்துவிட்டு மூட்டை கட்டியிருக்கிறார்கள். அண்ணி மூட்டையில் இஸ்திரிப் பெட்டியும் இருந்ததாக நாத்தனார் இடையில் புகுந்து சொன்னாள். "போற இடத்துல கசங்கிப்போய் நிக்க முடியுமா?" என்றார் அண்ணி.

முதலாளி டயரை மறந்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அண்ணி இதழைப் பிரித்து மேசையில் அறைந்தார். "இங்க பாருங்க. பாதை ரெண்டாப் பிரியுது, நடுவுல இடிஞ்ச பம்பு ரூம். நீங்க என்ன எழுதியிருக்கீங்க? 'படத்தில் என் சைக்கிள் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, ஏரிக்கு அதுவே வழி.' சைக்கிள் வலது பக்கம் பாக்குது. நான் வலது பக்கம் போகலாம்னேன். எழுதினதைத்தானே செஞ்சேன்?"

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் நாத்தனார். "படம் கோளாறுன்னு. என் சைக்கிளை வலது பக்கம் பார்க்க நிறுத்தினா செயின் என் பக்கம் இருக்கு. இந்தப் படத்துல அந்தப் பக்கம் இருக்கு. 'அச்சடிச்சவங்களைவிட உனக்குத் தெரியுமோ'ன்னு கேட்டாங்க அண்ணி. போனோம். ஏரி வரல. கல் குவாரி வந்துச்சு. கூடவே மழையும் வந்துச்சு."

அக்கா படத்தைப் பார்த்தார். நாலு மாதமாக அலமாரியில் கிடந்த படம். அன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தார். அவர் எடுத்தபோது சைக்கிள் இடது பக்கம் பார்த்து நின்றது.

மெல்லத் தலையைத் திருப்பித் தாடியைப் பார்த்தார். தாடியின் முகம் பேயறைந்தது போல் ஆகியிருந்தது.

"அக்கா... அது இடது பக்கத் தாள்" என்றான். "சைக்கிள் எப்பவும் புத்தகத்துக்கு உள்ளதான் பாக்கணும். வெளிய பாத்தா பக்கத்தை விட்டு ஓடுற மாதிரி இருக்கும், கண்ணு நிக்காது. அதான்... கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பிட்டேன்."

"ஒரு வரைபடமாவது போட்டிருக்கலாமே?" என்றாள் நாத்தனார். "அந்த பம்பு ரூம்கிட்ட போன்ல சிக்னல்கூட இல்ல."

வரைபடம் போட வேண்டிய இடத்தில் ஒரு பூட்டு விளம்பரம் சிரித்துக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்த முதலாளி மேலே சுழலும் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா தேடித் தேடிக் கிடைக்காத வாசகர்கள் கண்ணெதிரே நிற்கிறார்கள், ஆனால் எப்படி நிற்கிறார்கள்! உன் கட்டுரையை நம்பிப் போனவர்கள் குவாரியில் நனைந்தார்கள் என்று முதலாளி இதையே பிடித்துக்கொண்டால்? 'நீங்கள்தான் சரியாகப் படிக்கவில்லை' என்று சொல்லி மழுப்பவும் வழி இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அந்த வீட்டில் மத்தளம் கிழிந்துபோகும்.

"அண்ணி படிச்சது சரி. நாத்தனார் பாத்தது சரி" என்றார். "தப்பு எங்களோடது. முழுக்க எங்களோடது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் பத்திரமாக வளர்த்த சண்டை திடீரென்று கையைவிட்டுப் போனதில் இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றம்.

அக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "நீங்க நிஜமாவே போனீங்களா? படிச்சுட்டு?"

"இவ்வளவு நேரம் என்னத்தைச் சொல்லிட்டு இருக்கோம்?" என்றார் அண்ணி.

"ஏம்மா, வீடியோ கீடியோ பாத்துட்டுப் போகலையே?" முதலாளி சந்தேகத்தை அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை.

"பாத்தேன் சார், பாக்காம இருப்பேனா? அதுல வர்ற பொண்ணு ஏறுறது தெரியும்முன்ன உச்சியில நிக்குது. மூச்சும் வாங்கல, முடியும் கலையல. இது நமக்கு ஆகாதுன்னு மூடி வெச்சுட்டேன். இவங்க அப்படியா எழுதியிருக்காங்க? ஏரிக்கு முன்னாடி உள்ள மேட்டுல இறங்கித் தள்ளினேன், பாதியில உக்காந்து அழுதேன், சாக்ஸைப் பிழிஞ்சு போட்டுக்கிட்டு மறுபடி தள்ளினேன்னு எழுதியிருக்காங்க. அட, அழுதவளே போய்ச் சேந்திருக்கா, நாம போகமாட்டோமான்னு இவளைக் கூப்பிட்டேன்."

முதலாளி நாற்காலியை அண்ணியின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குவாரியில ராத்திரி என்ன பண்ணீங்க?" என்றார் முதலாளி. குரல் மாறியிருந்தது.

"லாரி எடை போடுற மேடை இருக்கே, அதுக்குப் பக்கத்துல ஒரு அறை. அங்க வேலை பாக்குற அம்மா எங்களை உள்ள கூப்பிட்டு, துணி காயப்போட இடம் குடுத்து, படுக்கவும் விட்டாங்க. நாங்க சைக்கிளோட அந்த மேடையில ஏறி நின்னு பாத்தோம். டன் கணக்குல பூஜ்யம் காட்டுச்சு சார்! இஸ்திரிப் பெட்டியோட சேத்து!" அண்ணி சொல்லும்போதே நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். குவாரியில் என்ன சண்டை நடந்ததோ தெரியாது, சிரிப்பும் நிறையவே நடந்திருக்கிறது என்பது அக்காவுக்குப் புரிந்தது.

"ஒரே ஒரு ஆளைக் காட்டுன்னேன்" என்று முதலாளி முணுமுணுத்தார். "ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. ஆனா ஏரிக்குப் போய்ச் சேரலையே. கணக்குல சேக்கலாமா?"

"மூணு பேர் சார்" என்றாள் நாத்தனார். "எடைமேடை அம்மாவை விட்டுட்டீங்களே. இது நாங்க வேற வாங்கின இதழ். பழசை அவங்க அடுப்புக்கிட்ட வெச்சுக் காய வெச்சுக்கிட்டே ராத்திரி முழுக்கப் படிச்சாங்க. திருப்பிக் கேட்டோம், தரல. ஏரி அங்க இருந்து கிட்டத்தான். பிறந்ததுல இருந்து அந்தப் பக்கத்துல இருக்காங்க, ஏரி இருக்குன்னும் தெரியும். போகணும்னு தோணினதே இல்லையாம். போன வாரம் போயிட்டாங்க. எங்களுக்கு முன்னாடியே!"

போனை எடுத்துக் காட்டினாள். துருப்பிடித்த பழைய சைக்கிள் ஒன்று. பின்னால் ஒரு சாக்கு மூட்டை, லாரித் தார்ப்பாய் கட்டுகிற கயிற்றால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தது. அதற்குப் பின்னால் ஏரி, விடியற்காலை வெளிச்சத்தில் கிடந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண், சிரிக்கத் தெரியாதவர் சிரிப்பது போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குக் கண் கரித்தது. இப்படி ஒருவருக்காகத்தான் இத்தனை வருஷமும் எழுதிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அவர் யாரென்று மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

"பேசுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அண்ணி எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். முதலில் லாரி உறுமும் சத்தம் வந்தது. பிறகு ஒரு கனத்த குரல்.

"யாரு, கட்டுரை எழுதினவங்களா? அந்த மேட்டுல உக்காந்து அழுதது நீங்கதானா?"

"நான்தாங்க."

"நானும் அழுதேன்மா. வலி தாங்கல. அவங்களும் இங்கதானே அழுதாங்க, அழுதுட்டு எந்திரிச்சாங்கன்னு நினைச்சேன், நானும் எந்திரிச்சேன். இருங்க, லாரி நிக்குது, சீக்கிரம் கேட்டுடறேன். எனக்கு அடுத்த மாசம் லீவு இருக்கு. அடுத்தது எங்க போகலாம்?"

அடுத்த இதழில் அக்காவுக்குப் பக்கமே இல்லை. நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி எழுந்து போய்ப் பலகைக்கு முன்னால் நின்றார். துடைக்கும் துணி கண்ணில் படவில்லையோ என்னவோ, சட்டைக் கையாலேயே டயர்களை அழித்தார்.

"என்னம்மா முழிக்கிற?" என்றார் திரும்பிப் பார்க்காமல். "லாரி நிக்குதாம். சீக்கிரம் சொல்லு."