அடுத்த கட்டிலில் படுத்திருந்தவள்

பட்டமளிப்பு நாளில் துணைவேந்தருக்கு மழை கவலை. பதிவாளருக்கு நேரம் கவலை. எனக்கு முடிதான் கவலை. எங்கள் பெண்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பின்னிய சடையைத் தலைமேல் கோபுரமாகச் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். அதன்மேல் சதுரத் தொப்பி எப்படி உட்காரும்? தொப்பி தலைக்குத்தான், கோபுரத்துக்கு இல்லை என்று வருஷா வருஷம் நோட்டீஸ் ஒட்டுகிறேன். ஒருத்தியும் படிப்பதில்லை. பட்டம் வாங்க வருகிறவர்கள் லட்சணம் இது.

இருபத்தாறு வருஷமாக அங்கி அறை என் பொறுப்பு. கறுப்பு அங்கி, சிவப்பு அங்கி, தோளில் போடும் பட்டை, ஊசி, கொக்கி எல்லாம் என் கையில்தான். கவர்னர் ஜெனரலையே கையைத் தூக்குங்கள் என்று அதட்டியிருக்கிறேன். எனக்கு யாரிடமும் பயம் கிடையாது என்று இங்கே பேர்.

இந்த வருஷத்துச் சிறப்புப் பேச்சாளர் யார் என்று ஆகஸ்டில் சுற்றறிக்கை வந்தது. டாக்டர் மர்செலின் ஒகஸ்த், எரிமலை ஆராய்ச்சியாளர், இந்தத் தீவின் மகள், கௌரவ டாக்டர் பட்டம் பெற்று உரையாற்றுவார் என்று போட்டிருந்தது. படித்துவிட்டு அந்தத் தாளைக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

மர்செலினும் நானும் பிலோமெனும் ஆசிரியர் பயிற்சி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். ஜன்னல் ஓரம் மர்செலின், நடுக்கட்டிலில் பிலோமென், கதவோரம் நான். பத்தொன்பது வயசு. கல்யாணமாகாத டீச்சர் வயிற்றில் பிள்ளை வந்தால் படிப்பும் போகும், வேலையும் போகும். அந்தக் காலத்துச் சட்டம் அது. ஆண்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மர்செலின் விஷயத்துக்குக் காரணமானவன் சுங்க இலாகாவில் பதவி உயர்வு மேல் பதவி உயர்வு வாங்கி, சௌக்கியமாக இருந்து, பெரிய ஊர்வலத்தோடு அடக்கமானான்.

நாலு மாசம் அவள் மறைத்து வைத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை விடுதி மேட்ரன் வந்து அவள் பெட்டியைத் தானே கட்டி வாசலில் வைத்தாள். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மர்செலின் தேர்வில் முதலிடம். டவுன் பள்ளிக்கூட வேலை அவளுக்கென்று இருந்தது. அது இரண்டாவதாக வந்த பிலோமெனுக்குப் போனது. அது போதாதா எங்கள் ஊருக்கு? யார் போய்ச் சொன்னது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஊர் தன் பெயரைத்தான் சொல்கிறது என்று பிலோமெனுக்கு மட்டும் தெரியாது. முகத்துக்கு நேராக யாரும் கேட்கவில்லை. எங்கள் ஜனங்கள் முதுகுக்குப் பின்னால்தான் முழு வாக்கியம் பேசுவார்கள்.

சனிக்கிழமை விழா. மூன்று மணிக்கு ஊர்வலம். இரண்டேகாலுக்கு மர்செலினை என் அறைக்கு அழைத்து வந்துவிட்டுப் போனார்கள். வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அப்பாடா, இவளுக்குத் தொப்பி உட்காரும் என்றுதான் முதலில் தோன்றியது. மனுஷ புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"யுலாலிதானே நீ? அடிப்பாவி, அப்படியே இருக்கியே. கொஞ்சம் அகலமாயிட்ட, அவ்வளவுதான்."

"உனக்கு மட்டும் இடுப்பு என்ன வாழுதாம்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். நான் மரம் மாதிரி நின்றேன். அவள் மகள் டொரோண்டோவில் பல் டாக்டராம், நாற்பத்து மூன்று வயசாம். அந்த வயிற்றுப் பிள்ளைதான். பார்படோஸில் ஒரு சித்தி வீட்டுக் கொல்லைப்புற அறையில் பெற்று, பகலில் துணி தேய்த்து, ராத்திரிப் படித்து மேலே வந்ததைச் சாதாரணமாகச் சொன்னாள். நான் சிவப்பு அங்கியை அவள் தோளில் போட்டுக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"பேச்சு எழுதிட்டியா?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டது.

"ஆறு பக்கம் எழுதியிருக்கேன். மூணாவது பக்கத்துல நம்ம ரூம் வருது."

என் கை நின்றுவிட்டது.

"எந்த ரூம்?"

"விடுதி ரூம்தான்டி. இந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியணும், அன்னிக்கு எங்களை எப்படித் துரத்தினாங்கன்னு. சட்டம் இருந்துச்சு, சரி. ஆனா சட்டம் தானா மோப்பம் பிடிச்சு வராது லாலி. யாராவது போய்ச் சொல்லணும். அடுத்த கட்டில்ல படுத்திருந்தவ போய்ச் சொன்னா. அதைச் சொல்லப் போறேன். பேரு சொல்ல மாட்டேன், நான் அவ்வளவு கீழ்த்தரம் இல்ல."

பெயர் சொல்ல மாட்டாளாம். விழா ரேடியோவில் நேரடியாகப் போகிறது. சலூனில், கள்ளுக்கடையில், மீன் சந்தையில், பஸ்ஸில் எல்லாம் அதுதான் ஓடும். அடுத்த கட்டில் என்று சொன்னால் போதும், அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஊர் பெயரை நிரப்பிவிடும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே மாமர நிழலில் பிலோமென் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கடைசிப் பெண் ஜனெலுக்கு இன்று நர்ஸிங் பட்டம். மஞ்சள் தொப்பியும் மஞ்சள் கையுறையுமாகப் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டாள். பெண்ணின் அங்கி மடிப்பை நீவி விட்டு, தள்ளி நின்று பார்த்து, திரும்பவும் நீவினாள். முப்பத்தைந்து வருஷம் அந்த டவுன் பள்ளியில் பாடம் நடத்தித் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். இன்னும் ஒரு மணி நேரத்தில், பெற்ற பெண் மேடையேறுகிற நேரத்தில், ஊர் முழுக்க அவள்மேல் காறித் துப்பப் போகிறது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் வராது. இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தேன்?

"பிலோமென் இல்ல," என்றேன்.

"என்ன?"

"மேட்ரன்கிட்ட சொன்னது பிலோமென் இல்ல. நான்."

அவள் திரும்பவில்லை. எதிரே கண்ணாடி. அதில் என்னைப் பார்த்தாள்.

"மேட்ரன் மிரட்டினாளா உன்னை?"

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா? என்னிடமே நான் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மேட்ரன் மிரட்டினாள், உதவித்தொகையை நிறுத்துவேன் என்றாள் என்று. ஒரு மண்ணும் இல்லை.

"மிரட்டல. ரூமுக்குள்ள கூப்பிட்டா. கோக்கோ குடுத்தா, டின்ல இருந்து ரெண்டு பிஸ்கட் குடுத்தா. அவ நாற்காலியில என்னை உக்கார வெச்சா. உன் சிநேகிதி காலையில ஏன் சாப்பிட வர்றதில்லன்னு கேட்டா. சொல்லிட்டேன். நீ முதல் மார்க், பிலோமென் ரெண்டாவது மார்க். என்னை யாரும் ஒரு விஷயம் கேட்டதே கிடையாது. அன்னிக்குக் கேட்டா."

"ரெண்டு பிஸ்கட்," என்றாள் மர்செலின்.

"ஆமா."

கதவைத் தட்டினார்கள். ஊர்வலத்துக்கு நேரமாகிவிட்டதாம். அவள் கையை நீட்டினாள். தொப்பியைக் கொடுத்தேன். என்னிடம் தலையைக் காட்டாமல் தானே மாட்டிக்கொண்டாள், கோணலாக. நேராக்கிவிட எனக்குத் தைரியம் வரவில்லை. மேஜையிலிருந்த ஆறு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மேடையின் பக்கவாட்டுக் கதவில் போய் நின்றேன். ஸ்டீல் பேன் தகர மேளம் வாசித்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள், ஜெபம் ஆனது, துணைவேந்தர் மழையைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இடது பக்கம் ஆறாவது வரிசையில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. நான் சொன்னதை மர்செலின் நம்பினாளா? சிநேகிதியைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாளா? இல்லை, என் பெயரையே சொல்லப் போகிறாளா? சொல்லட்டும் என்று ஒரு மனசு. ஐயோ ஓடிவிடு என்று இன்னொரு மனசு.

அவள் பேச ஆரம்பித்தாள். எரிமலை குமுறுவதற்கு முன்னால் ஊற்றுத் தண்ணீர் எப்படிச் சூடாகும் என்று இரண்டு பக்கம் பேசினாள். சிரித்தார்கள், கை தட்டினார்கள். மூன்றாம் பக்கம் வந்தது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். துணைவேந்தர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

தாளை நாலாக மடித்து அங்கிக் கைக்குள் செருகிக்கொண்டாள்.

"இங்க பிலோமென்னு ஒருத்தி இருக்கா," என்றாள். "பிலோமென், கொஞ்சம் எழுந்திருடி."

அரங்கமே திரும்பியது. பிலோமென் ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போலக் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னை இந்த ஊர்ல இருந்து பெட்டியோட துரத்தினாங்க. ஏன்னு பெரியவங்களுக்கெல்லாம் தெரியும். அதுக்கப்புறம் எனக்கு ஒருத்திதான் கடிதாசி எழுதினா. பதினோரு கடிதாசி. ஒரு பெட்டி நெறைய குழந்தைத் துணி, அவ கையால தைச்சது. நான் கடிதாசியப் பிரிக்கக்கூட இல்ல, துணிப் பெட்டியோட எல்லாத்தையும் திருப்பி அனுப்பினேன். என்னைக் காட்டிக் குடுத்தவ அவதான்னு நெனச்சேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேக்காமயே நாப்பத்து நாலு வருஷம். நான் விஞ்ஞானியாம். ஆதாரம் இல்லாம ஒரு மலையைப் பத்தி வாய் திறக்க மாட்டேன். மனுஷி விஷயத்துல திறந்துட்டேன். பிலோமென், தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோ."

பிலோமென் நின்றபடியே இருந்தாள். கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூட இல்லை. ஜனெல் பட்டதாரிகள் வரிசையிலிருந்து எழுந்து ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தார்.

பின் வரிசையிலிருந்து ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார்.

"அப்ப யாரும்மா போய்ச் சொன்னது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் மர்செலின். "அவளே என்கிட்ட சொல்லிட்டா. இந்தத் தீவுல ஒருத்தர் தப்பைத் தானே ஒத்துக்கிட்டு நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதனால மீதிய அவளே சொல்லட்டும்."

சிரித்தார்கள். அவள் நாலாம் பக்கத்துக்குப் போனாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீதியை அவளே சொல்லட்டும் என்றது எனக்குத்தானே?

விழா முடிந்து அங்கிகள் திரும்பி வர ஆரம்பித்தன. வெளியே மீன் பஜ்ஜி வாசனை. எல்லோரும் ஒரே பேச்சு, யாராயிருக்கும், யாராயிருக்கும் என்று. செத்துப்போன நாலு பேர் பெயர் என் காதிலேயே அடிபட்டது. கடைசியில் மர்செலின் வந்தாள். முதுகைக் காட்டி நின்றாள். நான் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பிலோமென் உள்ளே வந்தாள், ஜனெலின் அங்கியைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு. இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் சிரிப்பும் அழுகையுமாக ஒன்றும் புரியவில்லை.

பிறகு பிலோமென் மூக்கைச் சிந்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"லாலி, நீயும் அந்த ரூம்லதானே இருந்தே. யாருன்னு உனக்காவது தெரியுமா?"

மர்செலின் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். உதவி செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை.

இரண்டாம் தடவை சொல்வது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"நான்தான் பிலோமென்," என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பின் மிச்சம் அப்படியே இருந்தது. அது மறையக் கொஞ்ச நேரம் ஆனது. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அந்தத் துணிப் பெட்டியத் தபாலாபீசுக்குத் தூக்கிட்டுப் போனது நீ," என்றாள் மெதுவாக. "திரும்பி வந்தப்ப நான் அழுதேன். நீதான் என் பக்கத்துல உக்காந்து கண்ணத் துடைச்சு விட்டே. மர்செலினுக்குத் திமிருன்னு சொன்னே."

"சொன்னேன்."

"ஊரு என்னைப் பத்தி என்ன பேசுச்சுன்னு இன்னிக்குத்தான் என் காதுல விழுந்துச்சு. உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

அவள் எழுந்து அங்கியை மேஜைமேல் வைத்தாள். மடிப்பை நீவினாள். வாசல்வரை போனாள். மர்செலின் ஜன்னலிலிருந்து சொன்னாள்.

"பிலோமென், பேசாம இருந்து என்ன ஆகும்னு நான் பார்த்துட்டேன். நீயும் அதை ஆரம்பிக்காத."

பிலோமென் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். மஞ்சள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள். "சர்ச்சுக்கு எப்பவும் நீதான் எனக்கு முன்னால வருவே. எனக்கு இடம் பிடிச்சு வை லாலி. நான் வந்து உக்காருவேனான்னு எனக்குத் தெரியல. ஆனா நீ இடம் பிடிச்சு வை."